சீனாவிலிருந்து வரும் வீட்டு விளக்குகள்: எந்தக் குறியீடு, யார் பொறுப்பு?

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு மின்சாமான் கடை இருக்கிறது. இதுவரை கோவையிலும் எறணாகுளத்திலும் மொத்த வியாபாரிகளிடம் வாங்கி விற்றோம். இந்த முறை சீனாவின் கூஜென் ஊரிலிருந்து நேரடியாக ஒரு கன்டெய்னர் கொச்சியில் இறக்கப் போகிறோம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, சரக்கு இன்னும் ஏறவில்லை. எல்.இ.டி. பதித்த தொங்கு விளக்கு, பல்பு இல்லாத சுவர் விளக்கு, மேசை விளக்கு, தனி பல்பு, கண்ணாடிக் கூடு, ஸ்ட்ரிப் லைட், சோலார் தோட்ட விளக்கு, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், சீரியல் செட் என்று எல்லாம் கலந்து வருகிறது. விற்பவர் இன்வாய்ஸில் அனைத்துக்கும் 9405.40 என்று ஒரே சுங்கக் குறியீடு போட்டிருக்கிறார். சரக்கில் பாதியை எடுத்துக்கொள்ளப் போகும் என் சித்தப்பா மகன் பொள்ளாச்சியில் கடை வைத்திருக்கிறான். அவனோ, "எல்லாத்தையும் பாகங்கள்னு போடுண்ணா, இல்லன்னா பல்புன்னு 8539-ல போடு" என்கிறான். எங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் போட்டோ, ஹோல்டர் விவரம் எல்லாம் கேட்டுத் துளைத்தெடுக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

புரோக்கர் பேச்சைக் கேளுங்கள். அவர் துளைத்தெடுப்பது உங்கள் நல்லதுக்குத்தான். சரக்கு ஏறுவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. கொச்சியின் வல்லார்பாடம் முனையத்தில் கன்டெய்னர் இறங்கி, நாளுக்கு நாள் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் பலர் இதைக் கேட்க வருகிறார்கள்.

முதலில் விற்பவர் போட்ட குறியீட்டைப் பார்ப்போம். 9405.40 என்ற ஆறு இலக்கம் இப்போது பட்டியலிலேயே இல்லை. உலகச் சுங்க அமைப்பின் குறியீட்டுப் பட்டியல் 2022-இல் திருத்தப்பட்டது. இந்தியாவிலும் அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் அதுவே நடைமுறை. பழைய 9405.10 என்பது 9405.11, 9405.19 என்று இரண்டாகவும், பழைய 9405.40 என்பது 9405.41, 9405.42, 9405.49 என்று மூன்றாகவும் பிரிந்துவிட்டன. உங்கள் விற்பனையாளர் பழைய இன்வாய்ஸையே இன்னும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் போடும் குறியீடு எதுவானாலும் அது நம் சுங்கத்துறையைக் கட்டுப்படுத்தாது. 2011 முதல் நம் நாட்டில் இறக்குமதியாளரே தன் சரக்கின் வரியைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். சுங்கச் சட்டம் 1962-இன் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவத்தில், எழுதும் ஒவ்வொரு விவரத்துக்கும் பொறுப்பு உங்களுடையது. சீனாக்காரரோ பொள்ளாச்சித் தம்பியோ வந்து பதில் சொல்லப் போவதில்லை.

இனி ஒவ்வொரு விளக்காகப் பார்ப்போம். வீட்டில் மாட்டும் விளக்குகளுக்கெல்லாம் தாய்த் தலைப்பு 9405. அதற்குள் சுங்கத்துறை கேட்கும் முதல் கேள்வி, இதை எங்கே மாட்டுகிறார்கள் என்பது. சீலிங்கிலோ சுவரிலோ மாட்டுவது ஒரு கட்சி. சங்கிலியில் தொங்கும் ஷேண்டலியர், சீலிங்குக்குள் புதைக்கும் டவுன்லைட், வாசல் சுவரில் மாட்டுவது எல்லாம் இதில் சேரும். மேசை, கட்டிலோரம், தரையில் நிற்க வைப்பது இரண்டாவது கட்சி. கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சுற்றும் சீரியல் செட்டுக்குத் தனி இடம் இருக்கிறது. தெருவிளக்கு, தோட்டத்தில் நடுவது போன்ற மற்றவை கடைசியாக வரும்.

இரண்டாவது கேள்விதான் 2022-க்குப் பிறகு பெரிதாகிவிட்டது. விளக்கு எல்.இ.டி.க்கு மட்டுமே என்று வடிவமைக்கப்பட்டதா? பட்டியலின் வாசகத்தில் "மட்டுமே" என்பதற்கு நல்ல கனம் உண்டு. உங்கள் தொங்கு விளக்கில் எல்.இ.டி. சில்லுகள் உலோகத் தகட்டிலேயே பதிந்திருக்கின்றன, கழற்றி வேறு பல்பு போட வழியில்லை என்றால் 9405.11. பல்பு இல்லாமல் வரும் சுவர் விளக்கை எடுத்துக் கையில் திருப்பிப் பாருங்கள். உள்ளே நாம் பெரிய திருகு ஹோல்டர் என்று சொல்லும் இ27 இருந்தால் அதில் குண்டு பல்பும் மாட்டலாம், சி.எஃப்.எல்.லும் மாட்டலாம், எல்.இ.டி.யும் மாட்டலாம். அப்படியானால் அது 9405.19. அந்த விளக்கோடு ஒரு எல்.இ.டி. பல்பை இலவசமாக வைத்து அனுப்பினாலும் ஹோல்டரின் குணம் மாறாது என்பது என் உறுதியான கருத்து. அட்டைப் பெட்டியில் பெரிதாக "எல்.இ.டி. லைட்" என்று அச்சடித்திருப்பதை மட்டும் வைத்து 9405.11 போடாதீர்கள். மேசை விளக்குக்கும் இதே சோதனைதான்: பதித்த எல்.இ.டி. என்றால் 9405.21, ஹோல்டர் இருந்தால் 9405.29.

புரோக்கர் போட்டோ கேட்பது இதற்காகத்தான். வெளித்தோற்றத்தின் போட்டோ போதாது. விளக்கைக் கவிழ்த்து ஹோல்டர் தெரிகிற மாதிரி ஒன்று, எல்.இ.டி.க்கு ஏற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் படிக்கிற மாதிரி ஒன்று, பெட்டியின் லேபிள் ஒன்று என்று ஒவ்வொரு மாடலுக்கும் கூஜென்காரரிடம் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு அதிகாரி கேள்வி எழுப்பினால் பேசப்போவது அந்தப் படங்கள்தான்.

தனியாக வரும் பல்புகள் விளக்கே அல்ல, அவை ஒளிமூலம். சுங்கப் பட்டியலின் 94-வது அத்தியாயத்தின் முதல் குறிப்பே அவற்றை வெளியே தள்ளி 85-வது அத்தியாயத்துக்கு அனுப்புகிறது. ஹோல்டரில் மாட்டும் முனை உள்ள எல்.இ.டி. பல்பு 8539.52-இல் வரும். திருகு முனையானாலும் ஊசி (பின்) முனையானாலும் அதேதான். முனை இல்லாத எல்.இ.டி. தட்டு, அதாவது மாட்யூல், 8539.51. முனை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே இந்த இரண்டையும் 85-வது அத்தியாயத்தின் 11-வது குறிப்பு பிரிக்கிறது. ஆனால் விளக்கும் அதற்கான பல்பும் ஒரே சில்லறைப் பெட்டியில், கடையில் அப்படியே விற்கிற மாதிரி வந்தால் பல்பு விளக்கோடு சேர்ந்துவிடும். அதே பல்புகள் நூறு நூறாகத் தனிப் பெட்டியில் வந்தால் படிவத்தில் தனி வரியாக எழுத வேண்டும்.

தம்பி சொன்ன 8539 யோசனை இங்கேதான் இடறுகிறது. முழு விளக்கைப் பல்பு என்று எழுதினால், கன்டெய்னரைத் திறந்து பார்க்கும் எவருக்கும் அது பல்பு இல்லை என்று தெரிந்துவிடும். "பாகங்கள்" யோசனை அதைவிட ஆபத்து. குறியீட்டுப் பட்டியலைப் படிப்பதற்கென்று ஆறு பொது விதிகள் இருக்கின்றன. அதில் 2(அ) விதிப்படி, கழற்றி அடுக்கி வரும் பொருளும் முழுப் பொருளாகவே கருதப்படும். சிறுசிறு குறையோடு வந்தாலும், முக்கியக் குணம் வந்துவிட்டால் முழுப் பொருள்தான். ஷேண்டலியரின் சட்டகம் ஒரு பெட்டியில், கை ஒரு பெட்டியில், கண்ணாடி ஒரு பெட்டியில் என்று ஒரே கன்டெய்னரில் வந்து, எண்ணிக்கையும் பொருந்தினால் அது ஷேண்டலியர். உடையாமல் இருக்கப் பிரித்துக் கட்டினேன் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதனால் குறியீடு மாறாது.

உண்மையிலேயே மாற்றுக்காக வரும் பாகங்கள் வேறு. உங்கள் பட்டியலில் உள்ள கண்ணாடிக் கூடுகள் விளக்குகளின் எண்ணிக்கைக்கு மேல் உபரியாக வந்தால் அந்த உபரி 9405.91. பிளாஸ்டிக் கூடு 9405.92, மற்றவை 9405.99. ஆனால் பாகம் என்று நாம் சொல்லும் எல்லாமே இங்கே வராது. உபரி டிரைவர் மின்சாரத்தை மாற்றும் கருவி, அது 8504.40. ஹோல்டர் தனியாக வந்தால் 8536.61. ஒயருக்கும் ஸ்குரூவுக்கும் அவற்றுக்கென்று தலைப்பு இருக்கிறது. 9405 எடுத்துக்கொள்வது வேறெங்கும் குறிப்பிடப்படாத பாகங்களை மட்டும்தான்.

சோலார் தோட்ட விளக்கு மண்ணில் குத்தி நிறுத்துவது, எல்.இ.டி. மட்டுமே உள்ளது என்றால் 9405.41. கையில் தூக்கிக்கொண்டு போகும் டார்ச், எமர்ஜென்சி லைட் வகையறா இதில் வராது, அதற்கு 8513 இருக்கிறது. அடுத்த முறை சீலிங் ஃபேனோடு விளக்கு சேர்ந்த மாடல் எடுக்கும் எண்ணம் இருந்தால் அது விசிறிதான், 8414-க்குப் போகும் என்பதையும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் நம் பக்கத்துக்கே உரிய சரக்கு. நவம்பர் கடைசியில் பாலக்காட்டிலிருந்து களியக்காவிளை வரை கடைவாசல்கள் எல்லாம் நட்சத்திரமாகத்தான் இருக்கும். உள்ளே விளக்கில்லாத, மடித்து வரும் காகித நட்சத்திரம் பண்டிகை அலங்காரப் பொருள், அது 9505. சீன லாந்தர் போன்ற அலங்காரங்களை 94-வது அத்தியாயக் குறிப்பு பெயர் சொல்லியே 9505-க்கு அனுப்புகிறது. அதே குறிப்பு சீரியல் செட்டை மட்டும் 9405-இலேயே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே கிறிஸ்துமஸ் மரத்துக்கான எல்.இ.டி. சீரியல் செட் 9405.31. சிக்கல் எங்கே என்றால், எல்.இ.டி. உள்ளேயே பொருத்தி, ஒயரும் பிளக்கும் வைத்த பிளாஸ்டிக் நட்சத்திரத்தில். அது அலங்காரமா, விளக்கா? தொங்கவிட்டால் வெளிச்சம் தருவதற்கென்றே செய்ததா, விளக்கில்லாவிட்டாலும் அது நட்சத்திரமாகவே விற்குமா என்று பார்க்க வேண்டும். உங்களிடம் அந்த மாடல் இருந்தால் மாதிரி ஒன்றைக் கூரியரில் வரவழைத்துப் புரோக்கரிடம் காட்டிவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள்.

ஸ்ட்ரிப் லைட் இந்தக் கன்டெய்னரிலேயே வழக்குக்கு இடம் கொடுக்கிற பொருள். ரீலில் சுற்றி வரும் வெறும் நாடா மாட்யூல் பக்கம் சாயும். மேலே சிலிக்கான் உறை போட்டு, முனையில் பிளக்கும் அடாப்டரும் வைத்து, பிரித்தவுடன் ஒட்டி எரியவிடலாம் என்று வருவது விளக்குப் பக்கம் சாயும். நீங்கள் இதைத் தொடர்ந்து பெரிய அளவில் இறக்கப் போகிறீர்கள் என்றால், டெல்லியிலும் மும்பையிலும் இருக்கும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பித்துவிடுவது நல்லது. கட்டணம் 10,000 ரூபாய். விண்ணப்பித்து 3 மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டமோ விவரமோ மாறாதவரை அந்தத் தீர்ப்பு சில ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி இறக்குபவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

தம்பியின் பேச்சில் எனக்கு வருத்தம் தரும் பகுதி குறியீடு அல்ல, பொருளின் பெயரையே மாற்றிச் சொல்வது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பொருளை உள்ளபடி விவரித்துவிட்டு, நேர்மையாக ஒரு குறியீட்டைக் கோரி, பிறகு அது தவறு என்று ஆனால் வித்தியாச வரியையும் வட்டியையும் கட்ட வேண்டிவரும். அதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். விவரம் சரியாக இருக்கும்போது ஒரு குறியீட்டைக் கோருவது இறக்குமதியாளரின் நம்பிக்கை சார்ந்தது, அதைப் பொய்யான அறிவிப்பாகக் கொள்ள முடியாது என்று 1998-இலேயே நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே இடத்தில் ஷேண்டலியரை "பல்பு" என்றோ "உலோக பாகம்" என்றோ எழுதினால் கதை வேறு. சாதாரணமாகச் சுங்கத்துறை 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டிய வரியை, வேண்டுமென்றே தவறாகச் சொன்னதாகக் காட்டினால் 5 ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். 28-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி, வரிக்குச் சமமான அபராதம், சரக்கே பறிமுதலாகும் வாய்ப்பு எல்லாம் அடுத்தடுத்து வரும். இப்போது இறக்குவது ஒரு கன்டெய்னர். வியாபாரம் நன்றாகப் போய் வருடத்துக்கு நாலைந்து என்று ஆனால், கணக்கைத் திறக்கும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். சித்தப்பா மகனிடம் கோபப்படாமல் இதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

வரி மிச்சம் என்று அவர் நினைப்பதிலும் ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது. துறைமுகத்தில் கட்டுவதில் ஒரு பெரிய பங்கு ஐ.ஜி.எஸ்.டி., அதாவது ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. எல்.இ.டி. விளக்குகளுக்கும் எல்.இ.டி. பல்புகளுக்கும் அது 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதமாக உயர்ந்தது. அந்தப் பணம் உள்ளீட்டு வரியாக உங்களுக்குத் திரும்பி வந்துவிடும். திரும்பாதது அடிப்படைச் சுங்க வரியும் அதன் மேல் ஏறும் கூடுதல் வரிகளும்தான். அவை பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். உங்கள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாள், கப்பலுக்கு உள்வரவு அனுமதி கிடைக்கும் நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்றைய விகிதம்தான் செல்லும். ஆகவே விலை நிர்ணயிக்கும் முன் 9405, 8539 இரண்டுக்கும் அன்றைய அறிவிக்கையைப் புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு, அதற்காக இவ்வளவு ஆபத்து தேவையா என்று பார்த்தால் தம்பியே அந்தப் பேச்சை விட்டுவிடக்கூடும்.

குறியீட்டைவிட உங்களை நிஜமாகவே மாட்டிவிடக்கூடியது பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு. நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பொருத்தி வைக்கும் பொதுப் பயன்பாட்டு எல்.இ.டி. விளக்கு, சீலிங்குக்குள் புதைக்கும் எல்.இ.டி. விளக்கு, எல்.இ.டி. பல்பு, எல்.இ.டி. டிரைவர் எல்லாம் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் இருக்கின்றன. பதிவு, பொருளைச் செய்யும் தொழிற்சாலையின் பெயரில் இருக்க வேண்டும். வியாபாரியின் பெயரில் இருந்தால் செல்லாது. கூஜெனில் உங்களுக்கு விற்பவர் பெரும்பாலும் பல பட்டறைகளிலிருந்து வாங்கிச் சேர்த்து அனுப்பும் வர்த்தகராக இருப்பார். அவர் அனுப்பும் சான்றிதழில் இருக்கும் தொழிற்சாலை முகவரியும், பெட்டியில் அச்சிட்ட முகவரியும், மாடல் எண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். தளத்தில் போட்டு, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பதிவில்லாத சரக்கு வந்து நின்றால் வரி கட்டத் தயார் என்றாலும் விடமாட்டார்கள். திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது உருத்தெரியாமல் உடைத்துக் கழிவாகப் போட வேண்டும். பதிவு இல்லை என்று இப்போதே தெரிந்தால் அந்த மாடல்களை மட்டும் ஆர்டரிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.

சில்லறைப் பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, எந்த நாட்டுப் பொருள் என்ற விவரங்கள் இருக்க வேண்டும். அதை கூஜெனிலேயே அச்சடிக்கச் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் விற்பவரிடம் புதிய ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் கேளுங்கள். "எல்.இ.டி. லைட்" என்று ஒரே வரியாக இல்லாமல், "சீலிங்கில் தொங்கும் வீட்டு விளக்கு, எல்.இ.டி. நிரந்தரமாகப் பதித்தது, இரும்பும் அக்ரிலிக்கும், டிரைவருடன், 36 வாட்" என்கிற மாதிரி ஒவ்வொரு மாடலும் தனி வரியில், தனி விலையோடு வரட்டும். சுவர் விளக்கில் "இ27 ஹோல்டர், பல்பு இல்லை" என்று எழுதட்டும். பேக்கிங் லிஸ்டிலும் எந்தப் பெட்டியில் எந்த மாடல் என்பது இருக்கட்டும். குறியீட்டு இடத்தைக் காலியாக விட்டாலும் சரி. கடைசி இரண்டு இலக்கத்தை இந்தியப் பட்டியலைப் பார்த்துப் புரோக்கர் முடித்துக்கொள்வார்.

அதிகாரி உங்கள் குறியீட்டை ஏற்காமல் மாற்றினால், சரக்கு வெளியே வந்தால் போதும் என்று உடனே சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுத்தில் சம்மதிக்காதவரை, மறுமதிப்பீடு செய்த 15 நாளில் காரணம் சொல்லி உத்தரவு போட வேண்டியது அவர் கடமை. அந்த உத்தரவு கையில் இருந்தால்தான் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. அவசரத்துக்குத் தற்காலிக மதிப்பீட்டில், பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரக்கை எடுக்கவும் 18-வது பிரிவில் இடம் இருக்கிறது.

கடைசியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் பாதி. தம்பியின் கடை தமிழ்நாட்டுப் பதிவில் இருப்பதால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. நீங்கள் ஐ.ஜி.எஸ்.டி. போட்டு இன்வாய்ஸ் கொடுக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் எடுக்க வேண்டும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு வணிகவரிச் சோதனைச் சாவடி போய்விட்டது என்பதற்காக கோபாலபுரம் வழியாக வெறும் சீட்டில் வண்டியை விடாதீர்கள், இரண்டு பக்கமும் பறக்கும் படை நிற்கிறது. அந்த இன்வாய்ஸில் எழுதும் பெயரும் குறியீடும் கொச்சி பில் ஆஃப் என்ட்ரியில் இருப்பதுதானா என்று உங்கள் கணக்கரை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.